உப்பு ஏறினால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி

கேள்வி: பாலாற்றங்கரைக் கிணற்றில் கோடையில் உப்பு ஏறிவிடுகிறது. உப்பை அளந்து மோட்டாரைத் தானே நிறுத்தும் மைக்ரோகன்ட்ரோலர் பெட்டியை வீட்டிலேயே செய்யலாமா?
- வாசகர், மாதனூர் வட்டாரம்

பதில்: செய்யலாம். ஆனால், அந்தப் பெட்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் தோல் பதனிடும் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததை, 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. அதே கிணற்றில் மழைக்குப் பின் உப்பு குறையும், கோடையில் கூடும். ஆண்டுக்கு ஒரு பரிசோதனை போதாது. அடிக்கடி அளப்பதற்குத்தான் இந்தப் பெட்டி உதவும்.

பாசன நீரின் உப்பை ஈ.சி. என்ற மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறோம். 0.7 டெசிசைமன் வரை கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இடைப்பட்ட நீரை பீன்ஸ் தாங்காது, பருத்தி தாங்கும்.

மலிவு விலை டி.டி.எஸ். சென்சார்கள் பல 1,000 பி.பி.எம். வரைதான் காட்டும். அது சுமார் 1.5 ஈ.சி.தான். எனவே, கூடுதல் அளவு காட்டும் ஈ.சி. சென்சாரை வாங்குங்கள். நீரின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அளவு ஏறக்குறைய 2 சதவிகிதம் கூடும். ஆகவே வெப்ப சென்சாரும் வேண்டும்.

சென்சாரைத் தண்ணீர் விழும் தொட்டியில் வையுங்கள். மோட்டார் ஓடத் தொடங்கி 5 நிமிடம் கழித்துப் பல முறை அளந்து, சராசரி வரம்பைத் தாண்டினால் மட்டும் நிறுத்துமாறு நிரல் எழுதுங்கள். நின்ற மோட்டார் உடனே மீண்டும் ஓடக்கூடாது. குறைந்தது 10 நிமிட இடைவெளி கொடுங்கள். சென்சாரில் படியும் பாசியை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

பெட்டியில் உள்ள சிறிய ரிலே வழியாக மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாகச் செலுத்தக்கூடாது. ஸ்டார்ட்டர் காயில் சுற்றை மட்டும் அது துண்டிக்க வேண்டும். சில ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட். 250 வோல்ட் ரிலே அதற்கு ஆகாது. இந்த இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஓவர்லோடு ரிலேவைக் கழற்றாதீர்கள். பெட்டி பழுதானால் மோட்டார் நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும்.

மோட்டார் நின்றபின் பயிர் காயக்கூடாதே! பண்ணைக்குட்டை மழைநீர் இருந்தால் கலந்து பாய்ச்சலாம். 3 ஈ.சி. கிணற்று நீரும் 0.3 ஈ.சி. குட்டை நீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 1.65 வரும்.

சென்சார் மொத்த உப்பைத்தான் காட்டும். மண்ணை இறுக்கும் சோடியத்தையோ, குரோமியத்தையோ அது தனியே காட்டாது. ஆகவே முதலில் நீர் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கையில் உள்ள ஈ.சி.யோடு பெட்டியின் அளவை ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிர்த் தேர்வுக்கான ஆலோசனையும் கேட்கலாம். பெட்டி 'சரி' என்று காட்டினாலும், அந்த நீரைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.