தருவைகுளம் செய்தியில் இருக்கு... புத்தகத்தில் இருக்கா?

ஆகஸ்ட் 2024-ல் தருவைகுளத்திலிருந்து கடலுக்குப் போன 22 மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. வழக்கு புத்தளம் நீதிமன்றத்துக்குப் போனது, அபராதம் கோடிக்கணக்கில். அதற்கு முந்தைய அக்டோபரில் இதே ஊர்ப் படகு ஒன்றை 12 பேருடன் மாலத்தீவு பிடித்து வைத்தது. அங்கேயும் கோடிக் கணக்குதான். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் போனில் படிப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எல்லைன்னு தெரிஞ்சும் ஏன் அங்க போறாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் அன்றைய செய்தியில் கிடைக்காது. தங்கி மீன் பிடிக்கும் படகுகள் நாள்கணக்கில் கடலில் இருக்கும், மீன் போகும் இடத்துக்கு வலையும் போகும் என்பது பாதி பதில். மீதி, வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

டிசம்பர் 2024-ல் ஒரு நல்ல சேதி வந்தது. தமிழுக்கான சாகித்ய அகாடமி விருது, ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்குக் கிடைத்தது. கதையும் இல்லை, கவிதையும் இல்லை, ஆய்வு நூல். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் வெடித்த எழுச்சி, துப்பாக்கிச்சூடு, அதில் செத்துப்போன சாதாரண ஆட்கள், தண்டனை பெற்றவர்கள் என்று பேர் தெரியாதவர்களைத் தேடிப்போன புத்தகம். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் வட்டத்தில்தான் தருவைகுளமும் இருக்கிறது. அவருடைய கம்பெனிக் கப்பல் கொழும்புக்கு ஓடிய கடலும், இன்றைக்குப் படகுகள் பிடிபடும் கடலும் ஒன்றே.

இந்தக் கரைக்கு இதற்கு முன் அதே விருது வந்தது 2013-ல், ஜோ டி குருஸின் 'கொற்கை'க்கு. அது நாவல். இப்போதும் முத்துக்குளித்துறை பற்றி ஏதாவது தெரிந்த இளைஞரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நாவல் பெயரைத்தான் சொல்வார். நாவல் தன் வேலையை நன்றாகவே செய்திருக்கிறது. வரலாற்றின் வேலையையும் அதன் தலையிலேயே கட்டினால் எப்படி?

அப்போ வரலாறு எழுதவே இல்லையா?

எழுதினார்கள், நிறையவே. கால்டுவெல் 1881-ல் திருநெல்வேலி மாவட்ட வரலாறு எழுதினார். சங்குகுளிப்பு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் எழுதினார். அவர் மீன்வளத் துறை அதிகாரி. தமிழகக் கடற்கரையின் முத்துக்குளிப்பு வரலாற்றை எஸ்.அருணாசலம் எழுத, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952-ல் வெளியிட்டது. பரதவர் சமூகம் பற்றி சூசன் பெய்லி 1989-ல் விரிவாக எழுதினார். எல்லாமே ஆங்கிலம். அதிலும் பல, நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய வகை.

அந்தப் பக்கங்களில் இருப்பது இன்றைய செய்திக்கு நேரடியாகத் தேவை. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். வளைகுடாவின் இரண்டு கரையும் ஒரே கம்பெனியின் கையில். முத்துச்சலாபம் சில ஆண்டு இந்தப் பக்கம், சில ஆண்டு மன்னார் பக்கம் நடக்கும்; குளிப்பவர்கள் இரண்டுக்கும் போவார்கள். எந்தக் கடலில், எத்தனை நாள், எத்தனை தோணி என்பதை முடிவு செய்தது அரசு. பிரிட்டிஷ் காலத்துத் தூத்துக்குடி சலாபத்தில் அள்ளி வந்த சிப்பியை மூன்று குவியலாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும். கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கியவருக்கு ஒன்று. அதிகாரிகளின் அறிக்கைகளில் சிப்பிக் கணக்கு ஒன்றுவிடாமல் இருக்கும். இறங்கியவரின் பெயரைத்தான் தேட வேண்டும்.

கரை தாண்டுவது அன்றைக்குக் குற்றம் இல்லை, வேலை. அது குற்றமானது மிக அண்மையில். பாக் நீரிணைக்கான எல்லை 1974-ல் வந்தது. மன்னார் வளைகுடாவுக்கான இந்தியா-இலங்கை ஒப்பந்தம் மார்ச் 1976. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றின் எல்லைகள் சந்திக்கும் புள்ளியும் குறிக்கப்பட்டது. தருவைகுளம் படகை ஒரு வருடம் மாலத்தீவும் மறு வருடம் இலங்கையும் பிடிப்பதற்குப் பின்னால் இருப்பவை இந்தக் கோடுகள்தான். எல்லை மீறலை இது நியாயப்படுத்தாது. 'தெரிஞ்சே போறாங்க' என்று ஒரே வரியில் முடிக்கவும் விடாது.

தமிழில் வழி போட்டவர்களும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் பேராசிரியராக இருந்த ஆ.சிவசுப்பிரமணியன் உப்பைப் பற்றியே 'உப்பிட்டவரை' என்று ஒரு பண்பாட்டு வரலாறு எழுதியிருக்கிறார். தூத்துக்குடி உப்பளம் பக்கம் போகும் யாரும் முதலில் படிக்க வேண்டியது அது. குமரிக் கடலோரத்திலிருந்து வறீதையா கான்ஸ்தந்தின் மீனவர் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதுகிறார். இன்னும் பத்துப் பேராவது வேண்டும்.

இதில் ஒரு முரணும் இருக்கு. இந்தியாவிலேயே தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. தமிழாக்கியவர் இதே முத்துக்குளித்துறையில் வேலை செய்த அன்ட்ரீக் அடிகளார். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். தெரிந்தவரை மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டில்.

எழுத வேண்டியது எது?

தூத்துக்குடியின் கடைசி முத்துச்சலாபம் 1961. தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974. கடலில் கோடு விழுந்தது 1976. பதினைந்தே ஆண்டுகளில் இந்தக் கரையின் தொழில், துறைமுகம், எல்லை மூன்றும் மாறிவிட்டன. அந்தக் காலம் முழுக்க ஆவணக் காப்பகத்துக்குள் இல்லை. கொஞ்சம் ஆட்களின் ஞாபகத்திலும் இருக்கிறது. 1961-ல் இருபது வயதில் கடலடிக்கு இறங்கிய ஒருவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும்.