குடிக்கூலிக்கு விட்ட அடுக்களை

நம் நாட்டில் 'ஓட்டல்' என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் இட்டலியும் காப்பியும் நினைவிற்கு வருமேயன்றிக் கட்டிலும் மெத்தையும் வாரா. மேல்நாட்டிலோ அச்சொல் முதற்கண் வழிச்செல்வோர் தங்கும் விடுதியையே குறிக்கும். அத்தகைய பெருவிடுதிகள் பல இக்காலத்தில் உறையுளைத் தாமே அளித்து, உண்டியளிக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடுகின்றன. பெயர்பெற்ற சமையல் வல்லுநர் ஒருவர் ஒப்பந்தத்தின்பேரில் வருவார். காலம் முடிந்ததும் செல்வார். பின்னர் வேறொருவர் வருவார். இம்முறை நன்றோ என ஆராய்வோம்.

இலண்டன் மாநகரின் மேஃபேர்ப் பகுதியிலுள்ள கிளாரிட்ஜஸ் என்னும் விடுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கு 2001-ஆம் ஆண்டில் கார்டன் ராம்சே என்பார் தம் பெயரால் உணவுச்சாலை தொடங்கி, 2013-இல் விலகினார். 2014-இல் சைமன் ரோகன் என்பார் 'ஃபெரா' என்னும் உணவுச்சாலையை அவ்விடத்தே அமைத்தார். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அதுவும் மூடப்பட்டது. 2019 டிசம்பரில் நியூயார்க்கில் புகழ்பெற்ற டேனியல் ஹம் என்பார் வந்தார். விடுதி நிற்கும் மூலையிற் கூடும் இரு தெருக்களின் பெயர்களையே இணைத்துத் தம் உணவுச்சாலைக்கு 'டேவிஸ் அண்டு புரூக்' எனப் பெயரிட்டார்.

ஹம் 2021-இல் நியூயார்க்கிலுள்ள தம் உணவுச்சாலையில் ஊனையும் மீனையும் நீக்கித் தாவர உணவே படைக்கத் துணிந்தார். ஊனுணவைப் பெருக்கும் முறை உலகிற்குத் தீங்காமென்பது அவர் கொள்கை. இலண்டனிலும் அங்ஙனமே செய்ய விழைந்தார். விடுதியாரோ அக்கொள்கையை மதித்தனராயினும், தம் விருந்தினர்க்கு அது பொருந்தாதெனக் கருதி உடன்பட்டிலர். அவ்வாண்டு டிசம்பரில் இருசாராரும் பிரிந்தனர்.

இதன்கண் குற்றம் யாருடையது? ஒருவருடையதுமன்று. சமையல் வல்லுநர் தம் மனச்சான்றின்வழி நின்றார்; விடுதியார் நெடுங்காலமாகத் தம்மை நம்பி வருவோரை நினைந்தனர். ஆயின் ஓர் அடுக்களைக்கு இரண்டு மனச்சான்றுகள் இருத்தல் இயலுமோ? 2025-இல் ஹம் தம் நியூயார்க் உணவுச்சாலையில் ஊனுணவை மீண்டும் சேர்த்துக்கொண்டார். இதனை ஏளனமாகக் கூறுகின்றேனல்லேன். கொள்கையை ஆய்ந்து மாற்றிக்கொள்ளுதல் ஒருவர்க்கு உரிமையே. ஆனால் அம்மாற்றந்தோறும் மற்றொருவர் வீட்டு அடுப்பும் மாறவேண்டுமென்பது எங்ஙனம் முறையாகும்?

"புகழுடையார் வாராவிடின் நகரமாந்தர் விடுதியில் உண்ண வருவரோ? புதியோர் வருவதாலன்றோ கலை வளரும்?" எனச் சிலர் வினவுவர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஃபெரா தொடங்கிய அவ்வாண்டிலேயே மிச்சலின் விண்மீன் பெற்றதை மறுப்பாரிலர். ஆயினும் கலைவல்லாரை அழைத்துத் தம் வீட்டின் நெறிக்கேற்பப் பணியாற்றச் செய்தல் வேறு. வீட்டின் நெறியையே அவர்பால் விட்டுவிடுதல் வேறு. ராம்சே சென்று ரோகன் வருமுன்னும், ஃபெரா மூடி அடுத்தது திறக்குமுன்னும் ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. புதியவர் வருந்தோறும் பெயரும் உணவும் மாறின. ஓரிடத்து உண்ட சுவையை நாடி மீண்டும் வருவோன் அங்கு எதனைக் காண்பான்?

திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார், பொருட்பாலில் வைத்திலர். விலைக்கு உண்டி விற்கும் விடுதியை இல்லத்தோடு முற்றும் ஒப்பிடல் ஆகாதெனினும், வந்தார்க்கு உண்டியளிக்கும் பொறுப்பு வீட்டுடையார்க்கே உரியதென்னும் கருத்து இரண்டற்கும் பொதுவாம். கிளாரிட்ஜஸ் விடுதியாரும் இறுதியில் இதனையே உணர்ந்தனர் போலும்! 2023 செப்டம்பரில் அவர்கள் தம் விடுதியின் பெயராலேயே உணவுச்சாலையைத் திறந்து, தாமே நடத்தத் தலைப்பட்டனர். மூவர் வந்து சென்ற இருபதாண்டுகட்குப் பின்னர் அடுப்பு வீட்டுக்குடையாரிடம் மீண்டது.

நம் நகரங்களிலும் பெருவிடுதிகள் பெருகிவரும் இந்நாளில், அவற்றை அமைப்போர் இதனை உள்ளத்திற் கொள்வாராக. மாடங்களைக் குடிக்கூலிக்கு விடலாம், கடைகளை விடலாம், அடுக்களையை மட்டும் விடாதிருத்தல் நன்று.