திரும்பி வரவும் வழி வேண்டும்

2025ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட உமர் யாகி, அம்மானில் வாழ்ந்த பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர் என்று அறிந்தபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். நுண்துளைகள் நிறைந்த உலோக–கரிமக் கட்டமைப்புகள் குறித்த அவரது ஆய்வு, வறண்ட பாலைக் காற்றிலிருந்தும் நீரைப் பிரித்தெடுக்க வழிகாட்டியது. எனினும் அவர் 15 வயதிலேயே அமெரிக்கா சென்றவர். புறப்பட்டுச் சென்றவர்களைக் கொண்டாடும் நாம், அவர்கள் விட்டுச் சென்ற ஊர்களில் ஆய்வு செய்ய விரும்பும் இளைஞர்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும்.

நானோ அறிவியலிலும் பொருளறிவியலிலும் வெளிநாட்டு ஆய்வுப் பரிமாற்ற உதவித்தொகைகள் இன்றியமையாதவை. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்தகைய நுண்துகள்களைச் சிறிய பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலும் எளிய கரைசல்களைக் கொண்டு தயாரித்துவிடலாம். ஆனால் தயாரித்தது என்னவென்று காண உயர்திறன் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அதன் விலையோ பல கோடி ரூபாய். ஆகவே, பயணம் செய்யாமல் இத்துறையில் முன்னேறுவது பலருக்கு இயலாது.

சிக்கல் பயணத்தில் இல்லை. பயணம் முடிந்தபின் தொடங்குகிறது. ஓராண்டு பயின்று திரும்பும் ஆய்வாளரை, அங்கே கையாண்ட கருவி எதுவும் இல்லாத ஆய்வுக்கூடமும், வாரம் முழுவதும் நிறைந்த வகுப்புகளும் எதிர்கொள்கின்றன. கற்ற திறன் பயன்படாமல் மங்குகிறது. அடுத்த வாய்ப்பு கிடைத்ததும் அவர் நிலையாகவே வெளியேறுகிறார். அவரைக் குறை கூறுவது நியாயமன்று.

இந்த வேதனையை நன்கறிந்தவர் இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம். கேம்பிரிட்ஜில் பயின்று 1951இல் லாகூர் திரும்பிய அவர், ஆய்வுலகிலிருந்து துண்டிக்கப்பட்ட தனிமையைத் தாங்க இயலாமல் 1954இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். நாடா, ஆய்வா என்ற தேர்வைப் பிறர் சந்திக்கக் கூடாது என்றே 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தை நிறுவினார். வளரும் நாட்டு ஆய்வாளர் சொந்த நாட்டில் பணியாற்றிக்கொண்டே, சில ஆண்டுகளுக்குள் பலமுறை அங்கு வந்து தங்கிச் செல்லும் திட்டம் அதன் சிறப்பு.

அதே எண்ணத்தின் மற்றொரு வடிவம் ஜோர்டானில் 2017இல் திறக்கப்பட்ட செசாமி ஒளிமுடுக்கி மையம். ஜோர்டான், எகிப்து, பாகிஸ்தான், ஈரான், துருக்கி, பலஸ்தீனம், சைப்பிரஸ், இஸ்ரேல் ஆகியவற்றை உறுப்பினராகக் கொண்ட அம்மையத்துக்கு ஆய்வாளர்கள் தம் மாதிரிகளுடன் வருகிறார்கள். தீவிர ஒளிக்கற்றையால் ஆராய்ந்து, தரவுகளுடன் நாடு திரும்புகிறார்கள். தனித்து வாங்க முடியாத கருவியை நாடுகள் கூடி வாங்கலாம் என்பதற்கு இது சான்று.

நீண்டகாலம் ஒரே இடத்தில் தங்கினால்தான் ஆழமாகக் கற்கலாம் என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு அது பொருந்தும். அதற்குப் பிந்தைய பரிமாற்றங்களுக்கு, ஒரு நீண்ட தங்கலைவிட மீண்டும் மீண்டும் அமையும் குறுகிய தங்கல்களே பெரும்பாலும் பயன் தரும். சிறு குழந்தைகளையோ முதிய பெற்றோரையோ விட்டு நெடுநாள் பிரிய இயலாத பெண் ஆய்வாளர்களுக்கு அவையே கதவைத் திறக்கும். வளரும் நாடுகளின் பெண் அறிவியலாளர்களுக்கான ஓ.டபிள்யூ.எஸ்.டி. அமைப்பு, அவர்கள் சொந்த நாட்டிலேயே ஆய்வுக்குழு அமைக்கவும் நிதி வழங்குகிறது. இது பின்பற்றத்தக்க வழி.

ஆகவே, உதவித்தொகை வழங்குவோர் விமானச் சீட்டோடு நின்றுவிடாமல், திரும்பியபின் வேதிப்பொருள்களும் சிறு கருவிகளும் வாங்க ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். அனுப்பும் பல்கலைக்கழகம், திரும்பி வருபவரின் கற்பித்தல் சுமையை முதல் ஓரிரு ஆண்டுகளேனும் குறைக்க வேண்டும். விண்ணப்பிக்கும் இளைஞர்களும், அங்கே என்ன கற்பேன் என்பதோடு, இங்கே எதைத் தொடர்வேன் என்பதையும் எழுதிப் பார்க்கட்டும். கல்வி உதவிக்கு நிதி திரட்டும் நம் அமைப்புகள் பட்டப்படிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், ஊர் திரும்பும் ஆய்வாளருக்கும் கைகொடுக்க முன்வர வேண்டும். திரும்பி வருவது தியாகமாக இருக்கும்வரை, அதைச் சிலரே செய்வார்கள்.