ஐந்தாவது சில்லு எங்கே போனது? ரன்-ஃபிளற் ரயரும் எமது வீட்டுக் கணக்கும்

2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி இலண்டனின் யூலெஸ் வலயம் மாநகரின் எல்லைவரை விரிக்கப்பட்டது. தரத்துக்கு உட்படாத காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ஸ். ஹரோ, ஹேய்ஸ், மிச்சம், குறொய்டன் என்று எம்மவர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பழைய டீசல் கார்கள் வாசலை விட்டுப் போயின. அவற்றின் இடத்துக்குப் பல வீடுகளில் வந்தவை, யாரோ ஒருவர் மூன்று நான்கு வருடம் குத்தகைக்கு ஓடித் திருப்பிக் கொடுத்த பி.எம்.டபிள்யூ, மினி, மெர்சிடிஸ் கார்கள்.

வாங்கும்போது மைல் கணக்கைப் பார்த்தோம், எம்.ஓ.ரி வரலாற்றைப் பார்த்தோம், காப்புறுதி எவ்வளவு வரும் என்று கேட்டோம். டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தவர்கள் குறைவு. முதல் ரயர் தேய்ந்து கடைக்குப் போகும் நாளில்தான் கேள்வி எழுகிறது: "உங்களுடையது ரன்-ஃபிளற். அதையே போடவா, சாதாரண ரயர் போடவா?"

கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டுக் காத்து நிற்பார். அந்த இடத்தில் நின்றுகொண்டு எடுக்கக்கூடிய முடிவல்ல இது. கொஞ்சம் முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

மேலதிகச் சில்லு ஏன் காணாமற் போனது

ஊரில் மேலதிகச் சில்லு இல்லாமல் வாகனத்தை வெளியே எடுக்கமாட்டார்கள். பிரித்தானியாவில் அதை வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கார் நிறுவனங்களுக்கு அது ஒரு சுமை. சில்லையும் ஜக்கையும் எடுத்துவிட்டால் காரின் நிறை குறைகிறது; நிறை குறைந்தால் கரியமில வாயு வெளியேற்றக் கணக்கும் குறைகிறது. டிக்கியில் இடமும் கிடைக்கிறது, தயாரிப்புச் செலவும் மிச்சம்.

அந்த இடத்தை நிரப்ப இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, பசை நிரப்பிய ஒரு போத்தலும் சிறிய காற்றுப் பம்பும். மற்றது ரன்-ஃபிளற் ரயர். பி.எம்.டபிள்யூ 2000களின் நடுப்பகுதியிலிருந்து தன் 3 தொடர் கார்களில் இதைப் பரவலாகப் போடத் தொடங்கியது. புதுக் காரின் முதல் ரயர்களின் விலை காரின் விலைக்குள் மறைந்துவிடும். மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ வரும் மாற்று ரயரின் விலை, காரை இரண்டாம் கையாக வாங்கியவர் தலையில் விழும். நிறுவனம் மிச்சம் பிடித்ததன் ஒரு பங்கை நாம் கட்டுகிறோம் என்பதே இதன் பொருள்.

அது எப்படி வேலை செய்கிறது

சாதாரண ரயரில் காரின் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. காற்றுப் போனால் பக்கச்சுவர் மடிந்து, றிம்முக்கும் வீதிக்கும் இடையில் நசுங்கும். ரன்-ஃபிளற்றில் பக்கச்சுவர் தடித்த இறப்பரால் பலப்படுத்தப்பட்டிருக்கும். காற்று முழுவதும் போனாலும் அந்தச் சுவரே காரைத் தாங்கி நிற்கும். பொதுவாகச் சொல்லப்படும் எல்லை மணிக்கு 50 மைல் வேகம், 50 மைல் தூரம். கிலோமீற்றரில் இரண்டும் 80. இது ஓர் எல்லை மட்டுமே. காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால் அந்தத் தூரம் குறையலாம்.

காற்றுப் போனதைச் சாரதி உணராமலே ஓடிவிடக்கூடும் என்பதால், ரயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் எச்சரிக்கை விளக்கு இதற்குக் கட்டாயம் தேவை. 2012 சனவரி முதலாம் திகதிக்குப் பின் பாவனைக்கு வந்த கார்களில் அந்த விளக்கு பழுதென்று காட்டினால் எம்.ஓ.ரி சோதனையில் தேறாது. "அது எப்பவும் எரியிறதுதானே" என்று விட்டுவைக்கும் பழக்கம் ரன்-ஃபிளற் கார்களில் மிக ஆபத்தானது. 50 மைல் எப்போது தொடங்கியது என்பதே தெரியாமற் போய்விடும்.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய ரயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரிட்ஜ்ஸ்ரோன் ஆர்.எஃப்.ரி என்றும், கொன்ரினென்ரல் எஸ்.எஸ்.ஆர் என்றும், மிஷெலின் இசட்.பி என்றும் பொறிக்கும். மெர்சிடிஸ் கார்களுக்கான ரன்-ஃபிளற்றில் எம்.ஓ.ஈ என்றிருக்கும். பி.எம்.டபிள்யூவுக்கென அங்கீகரித்த ரயரில் ஒரு நட்சத்திரம் இருக்கும். ஆனால் நட்சத்திரம் மட்டும் இருந்தால் அது ரன்-ஃபிளற் என்று ஆகிவிடாது.

ஓரப்பாதை இல்லாத நெடுஞ்சாலைகள்

இந்தக் கேள்வி பிரித்தானியாவில் வெறும் விலைக் கேள்வியாக நிற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. எம்25இன் சில பகுதிகளிலும், ஹேய்ஸ் பக்கமிருந்து றெடிங் நோக்கிப் போகும் எம்4இலும், ஃபோக்ஸ்ரனுக்குப் போகும் எம்20இன் ஒரு பகுதியிலும் அவசர ஓரப்பாதை கிடையாது. அதையும் ஓடும் பாதையாக மாற்றிவிட்டார்கள். ஸ்மார்ட் மோட்டார்வே என்று பெயர். பழுதானால் ஒதுங்குவதற்குச் செம்மஞ்சள் நிற அவசரத் தரிப்பிடங்கள் இடைவெளி விட்டு இருக்கின்றன. உயிரிழப்புகளும் பொதுமக்களின் எதிர்ப்பும் தொடர்ந்ததால், 2023 ஏப்ரலில் அரசாங்கம் புதிய ஸ்மார்ட் மோட்டார்வே திட்டங்களைக் கைவிட்டது. ஏற்கெனவே உள்ளவற்றுக்கு 150க்கும் மேற்பட்ட மேலதிகத் தரிப்பிடங்களை அமைக்கும் திட்டம் வந்தது. ஆனால் ஓரப்பாதை திரும்ப வரவில்லை.

எம்மவர்களில் எத்தனை பேர் விடிய நான்கு மணிக்கு விமானநிலைய வேலைக்கும், இரவு பதினொரு மணிக்குப் பெற்றோல் நிலையத்துக்கும், முதியோர் இல்லத்துக்கும் போகிறார்கள்! அந்த நேரத்தில், மழைக்குள், ஓரப்பாதை இல்லாத இடத்தில் சாதாரண ரயர் காற்றுப் போனால் அடுத்த தரிப்பிடம்வரை நொண்டிக்கொண்டு போவதே பெரும்பாடு. ரன்-ஃபிளற்றில் அந்தத் தரிப்பிடத்தையும் தாண்டி, அடுத்த வெளியேறும் வழியால் இறங்கி வெளிச்சமுள்ள இடத்துக்குப் போய்விடலாம். அதற்குத்தான் அந்த மேலதிகப் பணம்.

எந்த ரயராக இருந்தாலும் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஓடும் பாதையிலேயே கார் நின்று, பாதுகாப்பாக இறங்க வழியில்லையென்றால், இருக்கைப் பட்டியோடு உள்ளேயே இருந்து, அபாய விளக்கைப் போட்டு, 999ஐ அழைக்கவேண்டும். இடது ஓரத்தை அடைந்துவிட்டால் இடப்பக்கக் கதவால் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நிற்கவேண்டும். மோட்டார்வேயில் நின்று சில்லு மாற்ற முயலக்கூடாது. முக்கோணப் பலகையும் அங்கே வைக்கக்கூடாது. ஆகவே மேலதிகச் சில்லு டிக்கியில் இருந்தாலும் இந்த இடத்தில் அதனால் பயனில்லை.

காசுக் கணக்கு

ரன்-ஃபிளற் விலை கூடியது. எவ்வளவு என்பது அளவையும் நிறுவனத்தையும் பொறுத்தது. ஓர் உதாரணக் கணக்கு: சாதாரண ரயர் 110 பவுண்ஸ், அதே அளவில் ரன்-ஃபிளற் 150 என்று வைத்துக்கொண்டால் நான்குக்கும் 160 பவுண்ஸ் வித்தியாசம். மூன்று வருடம் ஓடினால் மாதத்துக்கு ஐந்து பவுண்ஸுக்கும் குறைவு. இவ்வளவோடு முடிந்தால் பிரச்சினையில்லை.

முடியாது. சாதாரண ரயரில் ஆணி ஏறினால் சிறிய செலவில் ஒட்டுப் போட்டுவிடலாம். ரன்-ஃபிளற் காற்றில்லாமல் ஓடியிருந்தால் உள்ளே பக்கச்சுவர் சூட்டில் பழுதாகியிருக்கக்கூடும், வெளியே தெரியாது. அதனால் பல கடைகள் ஒட்டுப் போட மறுக்கின்றன. ஒரு சின்ன ஆணிக்கு ஒரு முழு ரயர். வருடத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தால் மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும்.

பள்ளங்களும் சேர்ந்துகொள்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூர் வீதிகளைச் சீர்செய்ய 1,600 கோடி பவுண்ஸுக்கு மேல் தேவை என்று வீதித் தார்த் துறையினரின் வருடாந்த அறிக்கை சொல்கிறது. இறுக்கமான பக்கச்சுவர் அதிர்வைக் குறைவாகவே வாங்கிக்கொள்ளும். முதுகுவலியுள்ள அம்மாவும் அப்பாவும் பின் இருக்கையில் இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

சாதாரண ரயருக்கு மாறினால்

மாறலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் சில விடயங்களைச் சேர்த்தே செய்யவேண்டும். நான்கையும் ஒரே வகையாகப் போடுவதே முறை. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்-ஃபிளற், மறுபக்கம் சாதாரணம் என்று ஒருபோதும் கலக்கக்கூடாது. திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இரண்டும் இருவிதமாக நடந்துகொள்ளும். காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். நாளை ஒரு விபத்து நடந்தால் "நீங்கள் சொல்லவில்லையே" என்ற பதில் வரக்கூடாது.

ரன்-ஃபிளற்றோடு வந்த காரில் ஜக்கும் இராது, சில்லு வைக்கக் குழியும் பெரும்பாலும் இராது. அப்போது பசைப் போத்தலும் பம்பும் வாங்கவேண்டும். அது வீதியில் படும் பகுதியில் ஏற்படும் சிறு துளைக்கு மட்டுமே உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. வீதி உதவிச் சேவை ஒன்றில் சேர்ந்திருப்பதும் இந்தத் தெரிவின் விலையில் ஒரு பகுதிதான்.

இடைவழி ஒன்றும் இருக்கிறது. உட்புறத்தில் பசைப் படலம் பூசிய, தானே அடைத்துக்கொள்ளும் ரயர்களை மிஷெலின், கொன்ரினென்ரல், பிரெல்லி ஆகியவை செய்கின்றன. ஆணி ஏறினால் அந்தப் பசை துளையை மூடிக்கொள்ளும். பக்கச்சுவர்க் காயத்துக்கு இதுவும் உதவாது. எல்லா அளவிலும் கிடைப்பதில்லை என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பாவித்த ரயர் வேண்டாம்

விலையைக் கேட்டதும் பலர் ஓடுவது பாவித்த ரயர் விற்கும் இடங்களுக்கு. இங்கே அது சட்டவிரோதமல்ல. குறைந்தது 2 மில்லிமீற்றர் தடம் இருக்கவேண்டும், பாவித்தது என்று ரயரிலேயே பொறித்திருக்கவேண்டும். ஓடும் காருக்கான சட்ட எல்லை 1.6 மில்லிமீற்றர். அதற்குக் கீழே போனால் ஒரு ரயருக்கு 2,500 பவுண்ஸ் வரை தண்டமும் 3 புள்ளிகளும். ஆகவே 2 மில்லிமீற்றரில் வாங்குகிற ரயருக்கு எஞ்சியிருக்கும் ஆயுள் எவ்வளவு என்று யோசியுங்கள்.

அதிலும் ரன்-ஃபிளற்றைப் பாவித்ததாக வாங்கவே கூடாது. முந்தைய சொந்தக்காரர் அதைக் காற்றில்லாமல் 40 மைல் ஓட்டினாரா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்லமுடியாது. புதியது வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

எமது முடிவு

இலண்டனுக்குள்ளேயே பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஓடும் காருக்குச் சாதாரண ரயர் போதும். மழையில் பிடிக்கும் தரம் நல்லதாகப் பார்த்து வாங்கி, பசைப் போத்தலும் வீதி உதவியும் வைத்துக்கொண்டால் சரி. அகாலத்தில் தனியாக மோட்டார்வேயில் போய்வருபவர் வீட்டில் இருந்தால், அவர் ஓடும் காரில் ரன்-ஃபிளற்றை விட்டுவைப்பதே நல்லது. அங்கே மிச்சம் பிடிக்கவேண்டாம்.

கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கென்று ஏறத்தாழ 600 கிலோமீற்றர் ஓடும் குடும்பங்களுக்கு இரண்டுமே முழுத் தீர்வல்ல. யேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. 80 கிலோமீற்றரில் நல்ல இடத்துக்குப் போய்ச் சேரலாம், புது ரயருக்குத் திங்கள்வரை காத்திருக்கவேண்டி வரும். அந்தப் பயணத்துக்கு ஐரோப்பா முழுவதற்குமான வீதி உதவியை எடுங்கள். பிரான்சுக்குள் ஓடுவதற்குக் கட்டாயமான ஒளிதெறிக்கும் மேலங்கியையும் முக்கோணப் பலகையையும் காரில் வையுங்கள்.

அடுத்த கார் வாங்கும்போது, ஒப்பமிடுவதற்கு முன் டிக்கியைத் திறந்து அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். நான்கு ரயர்களின் பக்கச்சுவரையும் வாசியுங்கள். இரண்டு ஒன்றாகவும் இரண்டு வேறாகவும் இருந்தால், புது ரயர்களின் விலையைப் பேரத்தில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உரிய நேரம் அதுதான்.