பெண்டு எடுத்த கதை

முதல் கம்பி ஜூன் மாதம் போயிற்று. ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது ஜூலையில். ஆகஸ்ட் பிறந்ததும் ஒரே வாரத்தில் இரண்டு. ப்ளஸ் ஒன் படிக்கும் என் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “இது என்னைப் பழிவாங்குதுப்பா” என்றாள்.

“கேரியர்ல யாரையாவது ஏத்திக்கிட்டுப் போறியா?”

“சேச்சே!”

இந்தச் ‘சேச்சே’யை நம்புகிற அப்பா உலகத்தில் கிடையாது. இருந்தாலும் மேற்கொண்டு விசாரிக்காமல் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைப் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது பரதநாட்டியம் ஆடியது. நிப்பிள் நுழைகிற துவாரங்களைச் சுற்றி நல்ல துரு.

“இனிமே பெண்டு எடுத்துப் பிரயோஜனம் இல்ல ஸார். ரிம்மு போயிடுச்சு. ரெடி வீல் வாங்கி மாட்டிடுங்க.”

“நீங்களே கோத்துத் தரலாமே?”

பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. குனியக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கூட இருந்த பையன், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டான். “ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா நானே கட்டித் தரேன்.”

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “நான் கட்டினா என்ன?” என்று கேட்டுவிட்டது.

பெரியவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாகப் போயிற்று.

முதலில் கணக்குப் பார்த்தேன். ஆபீஸ் ஆசாமிக்கு எதையும் பேப்பரில் இரண்டு பத்தி போட்டால்தான் ராத்திரி தூக்கம் வரும். ரிம் ஒன்று, போக்ஸ் கம்பி 36, நிப்பிள் 36, நிப்பிள் சாவி ஒன்று. ஹப் பழசே போதும். கூட்டிப் பார்த்தால் ரெடி வீல் விலையையும் தாண்டிக்கொண்டு நிற்கிறது. பெரியவர் முக்கால் மணியில் முடிக்கிற காரியத்துக்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். ஆகவே, காசு மிச்சம் பிடிப்பதற்காக வீல் கட்டப் போகிறேன் என்று எவனாவது சொன்னால், அவன் மனைவியிடம் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

உண்மையில் என்னைப் பிடித்து ஆட்டியது வேறு. கம்பி ஏன் அறுகிறது?

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் கட்டை. கீழே இருப்பது தூண் மாதிரி நின்று வண்டியைத் தாங்குகிறது. சைக்கிள் கம்பியோ 2 மில்லிமீட்டர் கனம். அதை நிறுத்தி, தலையில் இரண்டு கிலோ அரிசியை வைத்தால் வளைந்துவிடும். அது தாங்குகிற ஜாதி இல்லை, இழுக்கிற ஜாதி. 36 பேரும் ஆளுக்கொரு பக்கமாக ரிம்மை நடுவை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். நாம் ஏறி உட்கார்ந்ததும், தரைக்கு நேர்மேலே இருக்கிற சில கம்பிகளின் இழுப்பு மட்டும் கொஞ்சம் குறைகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் முறைபோட்டுத் தளர்ந்து, மறுபடி விறைக்கிறது. கம்பிகளை நேராக விடாமல் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மாதிரி கோக்கும் முறைக்கு, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை வாங்கினார். நாம் மிதிக்கிற மிதியை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கொண்டுபோவது அந்தச் சாய்வுதான். நம் தெருமுனைக் கடையில் இன்றைக்கும் அதே கோப்புதான்.

26 அங்குலச் சக்கரம் 1 கிலோமீட்டருக்குச் சுமார் 480 தடவை சுற்றும். என் பெண்ணின் பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர். போக வர, ஒவ்வொரு கம்பியும் தினம் 2,900 தடவை தளர்ந்து விறைக்கிறது. 200 நாள் பள்ளிக்கூடம் என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம். கம்பி நல்ல முறுக்கில் இருந்தால் இது அதற்கு உறைக்காது. லொடலொட என்றிருந்தால், ஹப்பில் மாட்டியிருக்கிற அந்த வளைந்த கழுத்து அசைந்து அசைந்து, ஹேர்பின்னை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அந்த மாதிரி ஒருநாள் ‘டிங்’. ஒன்று போனால் பக்கத்துக் கம்பிக்கு வேலை ஜாஸ்தி. ஆபீஸில் ஒருத்தர் மெடிக்கல் லீவு போட்டால் அடுத்த மேஜைக்காரர் கதி என்ன? அதேதான்.

இதில் ஒரு சூட்சுமம். நேராகச் சுற்றுகிற சக்கரமெல்லாம் நல்ல சக்கரம் இல்லை. சில கம்பி விறைப்பு, சில கம்பி தொளதொளப்பு என்று வைத்தும் சக்கரத்தை நேராக ஓட வைக்கலாம். கடையில் பார்த்தால் தெரியாது. மலிவான ரெடி வீல்களில் பல சமயம் இதுதான் தொந்தரவு. அதை வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து முறுக்கைச் சமன் செய்துவிட்டால் போதும். உங்களில் பலருக்கு அதுதான் சரியான வழி என்றுகூடச் சொல்வேன். எனக்குத்தான் அதற்குள் பித்துப் பிடித்துவிட்டதே. ஜோப்ஸ்ட் ப்ராண்ட் என்று ஓர் அமெரிக்க எஞ்சினீயர், சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே 1981-ல் ஒரு முழுப் புத்தகம் போட்டார். எழுதினது புரிகிறதா என்று பார்க்க, சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த தன் பையன்கள் இரண்டு பேரிடமும் கொடுத்துச் சக்கரம் கட்டச் சொன்னாராம். கட்டிவிட்டார்களாம். பொடிப் பையன்கள் கட்டும்போது, இருபது வருஷம் சர்வீஸ் போட்டவன் கட்ட மாட்டேனா?

“நீங்க கட்டுவீங்க, சரி” என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே. “அதுல ஏறி அவ பைபாஸைத் தாண்டணுமே?”

என் இரண்டு பத்திக் கணக்கில் இந்த வரி இல்லை. அன்றைக்கு ராத்திரி லாரிகளாகக் கனவில் வந்தன.

காலையில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். நான் கட்டுவேன். பெரியவர் பார்த்து சரி என்று சொல்ல வேண்டும். பிறகு இரண்டு வாரம் நான் அதில் ஆபீஸ் போய் வர வேண்டும். என் எடை 78 கிலோ. கம்பிகளுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

சனிக்கிழமை ரட்டன் பஜார். பழைய கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோனதால் பிழைத்தேன். நீளம் இரண்டு மில்லிமீட்டர் கூடினால் நிப்பிளைத் தாண்டி வந்து ட்யூபைக் குத்தும். குறைந்தால் மரை சரியாகப் பிடிக்காது. ரிம்மும் அதே ரகமாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குக் கோக்க ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்தேன். பெருமையாக நிமிர்ந்து பார்த்தால், வால்வு வருகிற துவாரத்துக்கு மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே நிற்கின்றன. பம்பை நுழைக்க இடமில்லை. முதல் கம்பியை ஒரு துவாரம் தள்ளிப் போட்டதன் பலன். எல்லாவற்றையும் பிரித்தேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

அடுத்தது முறுக்கு. நிப்பிளை வெளியே டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் திருகினால் இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படியே எதிர். நான் பாதிக் கம்பிகளை இறுக்கி, மீதியைத் தளர்த்திவிட்டேன் போலிருக்கிறது. சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. மரை அங்குலத்துக்கு 56 சுற்று. ஒரு கால் திருப்புக்குக் கம்பி நகர்வது 0.1 மில்லிமீட்டர் சொச்சம். கால் கால் திருப்பாகப் போக வேண்டிய இடத்தில் நான் முழுசு முழுசாகத் திருகியிருந்தேன். ‘பெண்டு நிமிர்ந்துவிட்டது’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதற்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது முழு அர்த்தம் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு சக்கரத்தைப் பெரியவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிப்பிள் சாவியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங், டொக்.

“இது பேசல ஸார்.”

பேசாதவை மொத்தம் ஐந்து. முறுக்கினேன். பிறகு ஜோடி ஜோடியாகக் கம்பிகளைக் கையால் பிடித்து அழுத்தச் சொன்னார். கம்பிகள் தங்கள் இடத்தில் போய்ப் படிகிற சத்தம், சொடக்கு எடுக்கிற மாதிரி வந்தது. சுற்றினால் மறுபடி கோட்டம். சாக்பீஸை ரிம்மருகே பிடித்து, பட்ட இடத்தில் கால் திருப்பு, மறுபடி அழுத்து, மறுபடி சாக்பீஸ். நாலாவது தடவை சாக்பீஸ் சுற்று முழுக்க ஒரே கோடாகப் போட்டது. கூலி வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம், முன்னால் பூப்போட்ட கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் ஆபீஸ் போனேன். அங்கே சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கம்பி ஒன்றுகூடப் போகவில்லை. பெரியவர் கேட்ட ஒரு மாதமே இதற்குள் ஆகிவிட்டது என்பதை மனைவி ஞாபகப்படுத்தினாள்.

திங்கட்கிழமை காலை சைக்கிள் கைமாறியது. பால்கனியில் நின்று பார்த்தேன். தெருமுனை திரும்புகிற இடத்தில் ஒரு சிநேகிதி காத்துக்கொண்டிருந்தாள். தொத்திக் கேரியரில் ஏறிக்கொண்டாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.