செய்தவனுக்குப் பொறுப்பில்லையா?

திருவண்ணாமலை ஜில்லாவின் வடமேற்கே ஜவ்வாது மலைக் கிராமங்களில் போலீஸார் அவ்வப்போது ஓர் அறிவிப்புச் செய்வதுண்டு. லைசென்ஸ் இன்றி நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர் தாமாகவே கொணர்ந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஒப்படைக்காமல் பிடிபட்டால் தண்டனை தப்பாது என்பது அதன் சாரம். ஏற்பாடு நல்லதுதான், அதை நாம் குறை கூறோம். ஆயினும் இவ்வறிவிப்பைப் படிக்கும்போதெல்லாம் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இத்துப்பாக்கிகள் மலையில் தாமாக முளைத்தவை அல்லவே! இவற்றைச் செய்தவர் யார்? விலை வாங்கிக்கொண்டு விற்றவர் யார்? அவர்களைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லையும் காணோம்.

இதற்குச் சட்டத்தின்மேல் பழி போடுவதற்கில்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு 2 முதல் 5 வருஷம் வரை சிறைவாசம் விதிக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்பவனுக்கும் விற்பவனுக்குமோ குறைந்தது 7 வருஷம். ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். செய்தவர் பெயரோ எண்ணோ வேறு அடையாளமோ பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆகவே, குற்றத்தின் பெரும்பங்கு யாருடையது என்பதில் சட்டத்திற்கு ஐயமில்லை. நடைமுறையில் மட்டும் முறை தலைகீழாகிவிடுகிறது. காட்டுப் பன்றி சாமைக் கொல்லையை அழிக்கிறதென்று துப்பாக்கி வாங்கிய மலைக் குடியானவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். அவனுக்கு அதைச் செய்து கொடுத்தவன் பட்டறையில் அடுத்த குழாயைத் துளையிட்டுக்கொண்டிருக்கிறான்.

இக்கேள்வி நம் மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதே கேள்வி பெரிய வழக்காக வந்து, 2025 ஜூன் 5-ஆம் தேதி ஒரு முடிவுக்கு வந்தது. மெக்ஸிகோவில் சட்டப்படி துப்பாக்கி வாங்குவது அரிது. எனினும் எல்லைக்கு வடக்கே கடைகளில் வாங்கப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கிகள் கடத்தப்பட்டு, போதைப்பொருள் கும்பல்களின் கையில் அந்நாட்டு மக்களின் உயிரைக் குடித்து வருகின்றன. எந்த வகைக் கடைகள் வழியே தங்கள் சரக்கு கும்பல்களுக்குப் போகிறது என்பதை அறிந்தே கம்பெனிகள் அனுப்பி வருகின்றன என்று ஸ்மித் அண்டு வெஸ்ஸன் முதலிய கம்பெனிகள்மேல் மெக்ஸிகோ சர்க்கார் 2021-இல் வழக்குத் தொடுத்தது. சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டனர். கடைக்காரன் தவறு செய்யக்கூடுமென்று அறிந்தும் தடுக்காமலிருப்பது வேறு, அத்தவறுக்கு உடந்தையாக இருப்பது வேறு என்பது தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டம். பிறர் துப்பாக்கியைக் கொண்டு செய்யும் குற்றத்திற்காக, சில விலக்குகள் தவிர, செய்தவர்மேலும் விற்றவர்மேலும் நஷ்டஈட்டு வழக்குக் கூடாது என்று அச்சட்டம் காப்பளிக்கிறது. அரிவாள் செய்த கொல்லன் அரிவாள் வெட்டுக்குப் பொறுப்பாவானா என்று கம்பெனிகளின் பக்கத்தார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் வாங்குகிறவன் இன்னான் என்று அறிந்து கொடுத்த கொல்லனைப் பற்றியல்லவா பேச்சு? கம்பெனியால் கடைக்காரனைக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் உண்மையன்று. 2000-ஆம் வருஷத்தில் அதே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி, நன்னடத்தை விதிகளுக்கு உட்படும் கடைகளுக்கே இனிச் சரக்குக் கொடுப்பதென்று கிளின்டன் சர்க்காருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. துப்பாக்கிப் பிரியர்கள் அக்கம்பெனியைப் பகிஷ்கரித்தனர்; விற்பனை சரிந்தது; அடுத்த வருஷமே கம்பெனி கைமாறியது. முடியாததால் அன்று, லாபம் குறைந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. மேற்படி சட்டத்தின் விலக்கு ஒன்றைப் பற்றிக்கொண்டு வென்றவர்களும் உண்டு. 2012-இல் ஸாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதில் உறவினரை இழந்த ஒன்பது குடும்பங்கள், ரெமிங்டன் கம்பெனி செய்த விளம்பரமே குற்றமென்று வாதாடி, 2022-இல் 7 கோடியே 30 லட்சம் டாலர் ஈட்டுத்தொகை பெற்றன.

நம் நாட்டில் இத்தகைய ஆபத்து இல்லையென்று எண்ணி வாளாவிருக்க இயலாது. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்திற்குச் சில நாள் முன்பு, டில்லி போலீஸார் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தோட்டாக்களைக் கைப்பற்றினர். அவ்வழக்கில் கைதானவர்களுள் டேராடூன் நகரத் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரும் இருந்தார். லைசென்ஸ் பெற்ற கடையின் மீதும் சந்தேகம் எழுந்தது என்பதே இதில் கவனிக்கத் தக்கது. லைசென்ஸ் இல்லாத ஆயுதங்களின் பெருக்கத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2023-இல் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. முற்காலத்தில் துப்பாக்கித் தொழில் பெரும்பாலும் சர்க்காரின் கையில் இருந்தது. இன்று தனியார் கம்பெனிகளும் லைசென்ஸ் பெற்றுச் செய்கின்றன. சரக்கு பெருகுமுன் பொறுப்பையும் வரையறுத்துவிடுதல் நலம்.

நிற்க. செய்தவன் வரையில் ஏறிச் சென்று பிடிப்பது நம் போலீஸாருக்கு ஆகாத காரியமா? 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் விஷச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதில் கலந்த மெத்தனால் எங்கிருந்து வந்ததென்று கைமாறிய வழியெல்லாம் தேடிச் சென்று, ரசாயனத் தொழிற்சாலைக்காரர் ஒருவரையும் போலீஸார் கைது செய்தனர். ஆனால் அந்த விழிப்பு நிலைக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூனில், திருவண்ணாமலைக்கு அண்டை ஜில்லாவான கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. மூலத்தைத் தேடிப் பிடிக்க முடியும் என்பதை முதல் சம்பவம் காட்டிற்று. பிடித்தபின் கண்காணிப்பு தொடராவிட்டால் என்னாகும் என்பதை இரண்டாவது காட்டிற்று.

ஆயுதமே கூடாது என்பது நமது வாதமன்று. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது. அந்த அவமானத்தைத் தேசீயவாதிகள் மறந்ததில்லை. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜையின் உரிமைகளுள் ஒன்றாகவே சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷத்துச் சட்டமும், பயிரைக் காக்கும் உண்மையான தேவைக்காகக் குழாய்வாயில் மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாமென்று தெளிவாகச் சொல்லுகிறது. ஜவ்வாது மலைக் குடியானவன் வைத்திருப்பதும் அவ்வகைத் துப்பாக்கிதான். மலையிலிருந்து இறங்கி ஜில்லாக் காரியாலயத்தின் படியேறி மனுக் கொடுக்கத் தெரியாததால், சட்டம் அளிக்கும் உரிமை அவனுக்கு எட்டாமலே போகிறது.

ஆகவே சர்க்காருக்கு மூன்று விஷயங்களைக் கூற விரும்புகிறோம். முதலாவது, துப்பாக்கி ஒப்படைக்கப்படும்போதும் பிடிபடும்போதும், அது யார் பட்டறையில் செய்யப்பட்டது, யார் மூலம் விற்கப்பட்டது என்ற விசாரணை தவறாது நடைபெற வேண்டும். உண்மை சொல்லும் குடியானவனுக்கு அதனால் தீங்கு நேரக்கூடாது. இரண்டாவது, ஜமுனாமரத்தூர் போன்ற இடங்களுக்கு அதிகாரிகளே சென்று, பயிர்க்காவலுக்கு உண்மையாக வேண்டியவர்களின் மனுக்களை அங்கேயே வாங்கி ஆராய வேண்டும். பன்றியைச் சுடுவதற்கு வனவிலங்குச் சட்டத்தின் அனுமதியும் வேண்டியிருப்பதால், வன அதிகாரிகளும் உடன் செல்வது அவசியம். மூன்றாவது, லைசென்ஸ் பெற்ற கம்பெனி தன் சரக்கு எந்தக் கடைக்குப் போயிற்று, அங்கிருந்து யாரிடம் சேர்ந்தது என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். சந்தேகத்திற்கு இடமான கடைக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்பினால் கம்பெனியின் லைசென்ஸே ரத்தாகுமென்று விதி செய்ய வேண்டும்.

அமெரிக்கா தன் கம்பெனிகளுக்கு முதலில் காப்பு அளித்துவிட்டு இப்பொழுது நியாயஸ்தலத்தில் வழி தேடித் தவிக்கிறது. நமக்கு அந்தத் தளை இல்லை; சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மலைக் கிராமத்தில் துப்பாக்கிகளைப் பெற்றுக்கொள்ளும் அதே நாளில் பட்டறையின் கதவையும் போலீஸார் தட்டுவார்களானால், அந்த அறிவிப்பை மறுபடி மறுபடி செய்ய வேண்டிய அவசியம் ஏற்படாதென்பது நமது அபிப்பிராயம்.