ஆஸ்லோவில் கப்பல் நிற்கும்போது

ஸ்காண்டிநேவியச் சுற்றுலா வரும் சொகுசுக் கப்பல்கள் ஆஸ்லோவில் பெரும்பாலும் ஒரு பகல்தான் நிற்கும். அந்தச் சில மணி நேரத்தில் எதைப் பார்ப்பது? சிற்பப் பூங்காவா, கடைத்தெருவா? ‘காசு கொடுத்து விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்குப் போரும் சாவும்?’ என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்லோவில் போரைத் தேடிப் போகவே வேண்டாம். கப்பல் வருகிற வழியிலேயே அது இருக்கிறது.

நகரத்துக்குத் தெற்கே கடல்வழி குறுகும் இடத்தில் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டை. 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மனியின் ‘புளூஷர்’ போர்க்கப்பல் இந்த வழியாகத்தான் வந்தது. கர்னல் பிர்கர் எரிக்சன் சுட உத்தரவிட்டார். 1890களில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனத்திடம் வாங்கிய பழைய பீரங்கிகளும், கரையிலிருந்து ஏவிய டார்பிடோக்களும் அந்தப் புத்தம்புதுக் கப்பலை மூழ்கடித்தன. நார்வே தப்பிக்கவில்லை, ஆனால் சில மணி நேரம் கிடைத்தது. அதற்குள் மன்னர் ஏழாம் ஹாகோனும் அரசாங்கமும் தலைநகரை விட்டு வெளியேறினார்கள். மத்திய வங்கியின் தங்கமும் போய்விட்டது!

துறைமுகத்துக்கு மேலேயே இருப்பது ஆகெர்ஷூஸ் கோட்டை. எதிர்ப்பு இயக்கத்தினர் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் இது. நாட்டைக் காட்டிக்கொடுத்த க்விஸ்லிங்குக்கு 1945 அக்டோபரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதும் இங்கேதான். 1970இல் திறக்கப்பட்ட எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

இதுவரை பெருமைக் கதை. கோட்டைக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தபடி எட்டு இரும்பு நாற்காலிகள் இருக்கின்றன. எதிலும் உட்காரும் பலகை கிடையாது. ஆண்டனி கோர்ம்லி செய்த நினைவுச்சின்னம், 2000இல் திறக்கப்பட்டது. 1942 நவம்பர் 26 அன்று ‘டோனாவ்’ என்ற கப்பல் 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு இந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. முடிவில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலரே. அவர்களைக் கைது செய்ததில் நார்வே போலீசாருக்கும் பங்கு இருந்தது. அதற்காகப் பிரதமர் ஸ்டோல்டென்பர்க் மன்னிப்புக் கேட்டது 2012இல்தான்.

வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைத்தால் அது கணக்கே அல்ல. ஒரு நாட்டின் வரலாறும் அப்படித்தான். பீரங்கியைப் பார்த்துவிட்டு நாற்காலிகளைப் பார்க்காமல் போனால் பாதிக் கணக்குதான் தெரியும். இரண்டையும் கண்ணில் படும்படி வைத்திருப்பது நார்வேயின் நேர்மை. அதைப் பார்க்காமல் போவது பயணியின் நஷ்டம்.

கோட்டையும் நாற்காலிகளும் துறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பூங்காவுக்குப் போங்கள், பொருளும் வாங்குங்கள். கப்பலுக்குத் திரும்பும் முன் அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். உல்லாசத்துக்குக் கப்பல் ஏறுகிற அதே துறைமுகத்தில், திரும்பி வர முடியாத பயணத்துக்கு மனிதர்களை ஏற்றியிருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.